ஓர் எழுத்துதானே என்று விடலாமா?

சென்ற வாரம் காசிமேடு பக்கம் நடக்கப் போயிருந்தேன். கரையேற்றி வைத்த விசைப்படகு ஒன்றில் புது புரொப்பல்லர் மாட்டிக்கொண்டிருந்தார்கள். ஷாஃப்ட்டின் டேப்பரில் அது லேசாக ஆடியது. ஒரு பையன் தகர டப்பாவைக் கத்தரித்து உள்ளே செருகப் போனான்.

"வாணாம்பா" என்றேன்.

"நட்ட இறுக்குனா நின்னுக்கும் தாத்தா" என்றான்.

முப்பது வருடம் சின்ன விமானங்களின் எஞ்சினோடு காலம் தள்ளியவன் நான். 'நின்னுக்கும்' என்ற சொல்லைக் கேட்டால் இன்றும் வயிறு கலங்குகிறது.

பிஸ்டன் எஞ்சின் விமானங்களில் புரொப்பல்லர் உட்காரும் முனை பெரும்பாலும் மூன்று வகை. காண்டினென்டல் ஏ65, சி85 போன்ற பழைய எஞ்சின்கள் பலவற்றில் டேப்பர். அதாவது கூம்பு முனை, அதன்மேல் தனி ஹப், ஒரு கீ, முன்னால் பெரிய நட். அடுத்தது ஃபிளாஞ்ச். ஷாஃப்ட்டோடு சேர்ந்தே வரும் வட்டத் தட்டு, அதில் போல்ட்டுகள். பெங்களூர் ஹெச்.ஏ.எல். 1958-ல் முதலில் பறக்கவிட்ட புஷ்பக்கின் சி90-8எஃப் எஞ்சின் இந்த வகை. கடைசி 'எஃப்' ஃபிளாஞ்சைத்தான் சொல்கிறது. மூன்றாவது, பல் வெட்டிய ஸ்பிளைன். டகோட்டாவின் ரேடியல் எஞ்சினில் இருப்பது அதுதான்.

சி85-12 என்றால் டேப்பர், சி85-12எஃப் என்றால் ஃபிளாஞ்ச். வித்தியாசம் ஓர் எழுத்து. அந்த எழுத்தில்தான் நான் ஒருமுறை சறுக்கினேன்.

வெளியூர் கிளப் ஒன்றில் டேப்பர் எஞ்சினுக்கு ஸ்பின்னர் வரவழைத்தார்கள். ஆர்டரில் 'சி85' என்று மட்டும் எழுதியிருந்ததால் ஃபிளாஞ்சுக்கு உரியது வந்தது. டேப்பர் ஹப்பில் நட் முன்னால் துருத்தி நிற்கும். பின்தட்டு உட்காரும் இடமும் வேறு. "அழகுக்குப் போடுற குல்லாதானே, ஓட்டையைக் கொஞ்சம் அராவிக்கலாம்" என்றார்கள். அராவினோம். கையெழுத்துப் போட்டது நான்.

சில வாரங்களில் பின்தட்டில் விரிசல். தரையில் இருக்கும்போதே அதைப் பார்த்தது ஒரு பயிற்சி மாணவன். நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்கு மேல் சுழலும் பொருள் அது. மையம் தப்பினால் அதிரும், அதிர்ந்தால் கிழியும். பறக்கும்போது தெறித்திருந்தால் விமானியின் முகத்துக்கு நேரே கண்ணாடிக்குத்தான் வந்திருக்கும். அந்த மாணவனுக்கு நான் இன்னும் கடன்பட்டவன்.

பொருந்துவது வேறு, உட்காருவது வேறு. டேப்பரில் விசையைத் தாங்குவது கீ என்று பலர் நினைக்கிறார்கள். கூம்பின் முழுப்பரப்பும் இறுகப் பிடிக்கும் பிடிதான் தாங்குகிறது. அதனால்தான் ஷாஃப்ட்டில் புரூஷியன் ப்ளூவை மெல்லத் தடவி, ஹப்பை ஏற்றி இறக்கிப் பார்ப்போம். குறைந்தது 70 சதவீதப் பரப்பில் நீலம் ஒட்ட வேண்டும். ஃபிளாஞ்சில் மரப் புரொப்பல்லர் என்றால் வேறு கவலை. மழைக்காலத்தில் மரம் ஊறும், வெயிலில் சுருங்கும். போல்ட் இறுக்கத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும்.

"படகுக்கு இவ்வளவு எதுக்கு?" என்பார்கள். ஒரு நாள் போனால் ஒரு நாள் பிழைப்புப் போச்சு என்பதும் நியாயமான பேச்சுதான். ஆனால் தகரம் வைத்த டேப்பர் கடலில் தேய்ந்து ஆடும், கீ அறுந்து போகும். புயல் சின்னம் இருக்கும் நாளில் புரொப்பல்லர் இல்லாத படகில் இருப்பவர்கள் என்ன செய்வார்கள்? விமானத்தில் மாட்டியவன் பெயர் ஏட்டில் இருக்கும். கரையில் அப்படி யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்பது என் கட்சி. சாமான் வாங்கும்போது எஞ்சின் தகட்டில் உள்ள கடைசி எழுத்துவரை எழுதிக் கொடுங்கள். மாட்டும்முன் ப்ளூ தடவிப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

வீட்டுக்குப் போய் என் பழைய ப்ளூ டியூபைக் கொண்டுவந்து கொடுத்தேன். பையன் தடவி, ஏற்றி, இறக்கினான். ஓரத்தில் ஒரு வளையம் மட்டும் நீலம். உள்ளே முழுக்க வெறும் பித்தளை.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தகரத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, புரொப்பல்லரை லேத் பட்டறைக்கு ஏற்ற வண்டி கூப்பிடப் போனான்.