‘வூ’ செய்தால் வென்றதாகிவிடுமா?

மாணவர்களே, தேர்தல் காலம் வந்துவிட்டால் நம் நாட்டு ஆங்கில நாளிதழ்களின் தலைப்புகளில் ஒரு சிறு வினைச்சொல் அடிக்கடி தலைகாட்டும். ஆங்கிலத்தில் மூன்றே எழுத்து, உச்சரிப்பு ‘வூ’. கட்சிகள் இந்திய வாக்காளர்களை ‘வூ’ செய்கின்றன. மாநில அரசு முதலீட்டாளர்களை ‘வூ’ செய்கிறது. எஸ்.பி.எம். முடிவு வெளிவந்ததும் தனியார் கல்லூரிகள் உங்களையே ‘வூ’ செய்கின்றன. இந்தச் சொல்லைத் தெளிவாக அறிந்துகொள்வது ஆங்கிலப் பாடத்துக்கு மட்டுமல்ல, நாட்டு நடப்பைப் புரிந்துகொள்வதற்கும் உதவும் என்று நான் நினைக்கிறேன்.

இது பழைய ஆங்கிலக் காலத்திலிருந்தே வழங்கிவரும் சொல். ஒரு பெண்ணின் சம்மதத்தைப் பெற, ஆண் ஒருவன் இனிய பேச்சோடும் பரிசுகளோடும் அவளை நாடிச் செல்வது இதன் முதற்பொருள். பிற்காலத்தில் ஆதரவு, முதலீடு, வாக்கு என ஏதேனும் ஒன்றைப் பெறுவதற்காக ஒருவரைத் தம் பக்கம் இழுக்க முயல்வதையும் குறிக்கலாயிற்று. இரண்டு பொருளிலும் இருப்பது முயற்சி மட்டுமே. சம்மதம் கிடைத்ததா இல்லையா என்பதை ‘வூ’ சொல்வதில்லை. கிடைத்துவிட்டால் அதற்கு ‘வின்’ என்ற வேறு சொல் இருக்கிறது.

மொழிபெயர்க்கும்போது இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். ‘இளைஞர்களைக் கவர்ந்தது’ என்று எழுதினால் காரியம் முடிந்துவிட்டதாகப் பொருள்படும். ‘கவர முயல்கிறது’, ‘ஆதரவை நாடுகிறது’ என்று எழுதுவதே சரி. ‘காதலித்தல்’ என்ற சொல்லும் பொருந்தாது. காதல் உள்ளத்தில் இருப்பது. ‘வூ’ வெளியே தெரியும் செயல். காதல் இல்லாமலும் அதைச் செய்யலாம். ஷேக்ஸ்பியரின் மூன்றாம் ரிச்சர்ட் நாடகத்தில், கணவனைப் பறிகொடுத்த ஆன் சீமாட்டியை ரிச்சர்ட் தேன் சொட்டப் பேசி இணங்க வைக்கிறான். அந்தக் கணவனைக் கொன்றவனே அவன்தான். அவனுடைய குறி அவள் மீதல்ல, அதிகாரத்தின் மீது.

மலாய் நாளிதழ்கள் இதே இடத்தில் ‘மெமிகாட்’ என்ற சொல்லைப் பயன்படுத்துகின்றன. பழக்கிய பறவையைக் காட்டி வேறு பறவையைப் பிடிப்பதற்கும் அதுவே சொல். ‘மெமன்சிங் உண்டி’ என்றால் வாக்குக்குத் தூண்டில் போடுவது. ஆங்கிலச் சொல் மறைத்துவைக்கும் சங்கதியை மலாய்ச் சொற்கள் பளிச்சென்று காட்டிவிடுகின்றன.

நமது பேராக் மாநிலத்துக்கு வருவோம். இங்குள்ள சட்டமன்றத் தொகுதிகள் 59. ஆட்சியமைக்க 30 தேவை. 2008-இல் மக்கள் கூட்டணி 31 இடங்களில் வென்றது. 2009 பிப்ரவரியில் மூவர் விலகவே ஆட்சி மாறியது. 2018-இல் பக்காத்தான் ஹராப்பானுக்குக் கிடைத்தவை 29. தேசிய முன்னணி உறுப்பினர் இருவர் தந்த ஆதரவால்தான் ஆட்சி அமைந்தது. 2022-இல் பெரிக்காத்தான் நேஷனலுக்கு 26, பக்காத்தானுக்கு 24, தேசிய முன்னணிக்கு 9. பல்லாண்டுகள் எதிரெதிராக நின்ற பக்காத்தானும் தேசிய முன்னணியும் கைகோத்தன. அதாவது, தேர்தலுக்கு முன் வாக்காளர்களை நாடியவர்கள், தேர்தலுக்குப் பின் ஒருவரை ஒருவர் நாடவேண்டியதாயிற்று.

சுங்கை சிப்புட் நாடாளுமன்றத் தொகுதி இன்னும் நல்ல பாடம். ரப்பர் தோட்டங்களுக்குப் பேர்போன வட்டாரம் அது. 1974 முதல் அங்கு தொடர்ந்து வென்றுவந்த துன் சாமிவேலு, அமைச்சராகவும் ம.இ.கா. தலைவராகவும் இருந்த நிலையில் 2008-இல் தோற்றார். அவரை வென்ற டாக்டர் ஜெயகுமார் தேவராஜ் அதற்கு முன் 1999-இலும் 2004-இலும் அவரிடம் தோற்றவர். 2018-இல் ஜெயகுமாரையும் விட்டுவிட்டு, கேசவன் சுப்ரமணியத்தைத் தொகுதி தேர்ந்தெடுத்தது. 2022-இல் ம.இ.கா. தலைவர் விக்னேஸ்வரனே நேரில் போட்டியிட்டும் கேசவன் தொகுதியைத் தக்கவைத்துக்கொண்டார். பதவியோ பழைய உறவோ வெற்றிக்கு உத்தரவாதம் அல்ல என்பதை அத்தொகுதி மக்கள் இரண்டு தடவை காட்டிவிட்டார்கள்.

சம்மதம் கொடுத்த பிறகு என்ன ஆகும்? 2013 ஏப்ரல் 18-இல், பொதுத் தேர்தலுக்குச் சில வாரங்களே இருந்தபோது, ஹிண்ட்ராஃப் தலைவர் வேதமூர்த்தி தேசிய முன்னணியுடன் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார். தோட்டங்களிலிருந்து வெளியேற்றப்பட்ட தொழிலாளர்களின் மறுவாழ்வு அதில் முக்கிய அம்சம். தேர்தலுக்குப் பின் அவர் துணையமைச்சரானார். 2014 பிப்ரவரியில், வாக்குறுதிகள் நிறைவேறவில்லை என்று கூறிப் பதவி விலகினார்.

இப்போது நாடப்படுவது நீங்கள். வாக்களிக்கும் வயது 18 ஆகி, தானியங்கிப் பதிவு முறை 2021 டிசம்பர் 15-இல் நடப்புக்கு வந்தது. 2018-இல் ஏறக்குறைய 1 கோடியே 49 லட்சமாக இருந்த வாக்காளர் எண்ணிக்கை 2022-இல் 2 கோடியே 11 லட்சத்தைத் தாண்டியது. தாத்தா பாட்டியை நாடியவர்கள் தோட்டத்து லயத்துக்கே வந்தார்கள். உங்களை நாடுபவர்கள் டிக்டாக் வழியாக வருகிறார்கள்.

அடுத்த முறை இச்சொல்லைத் தலைப்பில் காணும்போது நான்கு கேள்விகளைக் கேளுங்கள். யார் நாடுகிறார்கள்? எதைப் பெறுவதற்காக? பதிலுக்கு எதைத் தருவதாகச் சொல்கிறார்கள்? தேர்தல் இல்லாத ஆண்டில் எங்கே இருந்தார்கள்? கட்டணக் கழிவும் மடிக்கணினியும் தருவதாக அழைக்கும் கல்லூரியிடமும் இவற்றைக் கேட்கலாம். நாடப்படுவதில் தவறில்லை, ஜனநாயகத்தில் அது வாக்காளரின் பலம். ஆனால், சம்மதம் சொல்லும் உரிமையோடு மறுக்கும் உரிமையும் நம்மிடமே இருக்கிறது.

அந்த உரிமை கைநழுவாமல் இருக்க ஒரு சிறு வேலை உண்டு. 18 வயதானதும், அடையாள அட்டையில் உள்ள முகவரியை வைத்தே உங்கள் தொகுதி முடிவாகும். குடும்பம் தோட்டத்தை விட்டு ஈப்போவுக்குக் குடிபெயர்ந்திருந்தும் அட்டையில் பழைய முகவரியே இருக்குமானால், தேசியப் பதிவு இலாகாவுக்குச் சென்று இப்போதே மாற்றிவிடுங்கள்.