பாடநூல் செய்த பேராசிரியர்

புதியதொன்றைக் கண்டறிந்தவரையே விஞ்ஞானியெனப் போற்றி, கண்டறிந்தவற்றை முறைப்படுத்திப் பாடநூலாக்கித் தருபவரை இரண்டாம் வரிசையில் அமர்த்துவது கற்றோரிடையேயும் காணப்படும் வழக்கம். அது பொருந்தாதென்பதே நம் கருத்து. இதற்குச் சான்றாக, இரசாயனப் பொறியியற் பேராசிரியர் ராபர்ட் பைரன் பேர்ட் (1924–2020) அவர்களின் வாழ்வை மாணவர்முன் வைக்க விழைகின்றோம்.

அமெரிக்க நாட்டு டெக்ஸாஸில் பிறந்த இவர், விஸ்கான்ஸின் பல்கலைக்கழகத்தில் 1950-ல் முனைவர் பட்டம் பெற்று, 1953-ல் அங்கேயே ஆசிரியராயினார். அந்நாளில் வடித்தல், உலர்த்தல், வடிகட்டல் எனத் தொழில்தோறும் தனித்தனியே பாடம் நடந்தது. வேகமுள்ள திரவப்படலம் அடுத்த படலத்திற்குத் தன் உந்தத்தை அளிப்பதும், சூடான இடத்தினின்று குளிர்ந்த இடத்திற்கு வெப்பம் செல்வதும், உப்பு நீரிற் கரைந்து பரவுவதும் மிகுந்த இடத்தினின்று குறைந்த இடத்திற்குச் செல்லும் ஒரே முறைமையின் மூன்று தோற்றங்களே. ஸ்டூவர்ட், லைட்ஃபுட் என்னும் இருவரோடு இவர் 1960-ல் வெளியிட்ட 'டிரான்ஸ்போர்ட் ஃபினாமினா' என்னும் நூல், இம்மூன்றையும் ஒருங்கே வைத்துக் கற்பித்தது.

நியூட்டன், ஃபூரியே, ஃபிக் ஆகியோர் முன்னரே கண்ட விதிகள்தாமே அவை, இதிற் புதுமை யாது என்று சிலர் வினவலாம். மணிகள் முன்னரே இருந்தன. கோத்த நூல் இல்லை. கோத்துக் காட்டியபின் பொறியியல் கற்பிக்கும் முறையே மாறியது. பல நாட்டு மாணவர் இன்றும் அந்நூலைப் பயில்கின்றனர்.

பாடநூல் எழுதியதால் இவரது ஆராய்ச்சி குன்றவில்லை. நீரில் ஒரு கோலைச் சுழற்றினால் கோலைச் சூழ்ந்த நீர்மட்டம் தாழும். சங்கிலிபோல் நீண்ட மூலக்கூறுகளாலான பலபடித் திரவமோ கோலைப் பற்றி மேலேறும். சுழற்சியில் இழுபட்ட மூலக்கூறுகள் நீட்டிய ரப்பர் வளையம்போல் உள்நோக்கி நெருக்குவதே காரணம். இத்தகைய திரவங்களின் இயக்கத்தைப் பற்றி இவரும் துணைவர்களும் எழுதிய பெருநூல் 1977-ல் இரு பாகங்களாக வெளிவந்தது. 1987-ல் அமெரிக்க அரசு தேசிய விஞ்ஞானப் பதக்கம் அளித்தது.

மொழிப்பயிற்சி விஞ்ஞான மாணவனுக்கு வேண்டாததென்பார்க்கும் இவர் வாழ்வே விடை. டச்சும் ஜப்பானியமும் கற்றதோடு, ஜப்பானிய விஞ்ஞான நூல்களைப் படிக்கப் பழக்கும் பாடநூலையும் பிறரோடு சேர்ந்து ஆக்கினார். 1960-ம் ஆண்டு நூலின் முன்னுரையில், வாக்கியங்களின் முதலெழுத்துக்களைக் கூட்டிப் படித்தால், மூத்த பேராசிரியர் ஓலாஃப் ஹூகனுக்கு அந்நூல் உரியதென்னும் காணிக்கை புலப்படும்.

ஆசிரியர் தகுதியைக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் அளக்கும் காலம் இது. அவ்வளவுகோல் ஒன்றே நிலைக்குமாயின், வல்லவர் பாடநூல் எழுத முன்வாரார், இழப்பு மாணவருக்கே. ஆகவே, தெளிவுற எழுதிய ஒரு பாடநூலையும் ஆராய்ச்சிக்கு இணையாக மதித்தல் கல்லூரிகளின் கடமை. மாணவ நண்பர்காள்! கற்றதைப் பிறர்க்கு விளங்க எழுதிப் பழகுமின். அதுவும் அறிவை வளர்க்கும் பணியே.