கூரைக்கு முதலில் வைத்தியம்

காலனிப் பிள்ளைக்கு மாதம் இரண்டு முறை சளி, இழுப்பு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து கொடுத்து அனுப்புகிறார்கள். பிள்ளை திரும்பிப்போய்ப் படுப்பது அதே ஒழுகும் கூரைக்குக் கீழே, அதே பூஞ்சை படர்ந்த சுவரோரம். அடுத்த மாதமும் இழுப்பு வருகிறது. இதில் நோய் பிள்ளைக்கா, வீட்டுக்கா?

இந்தக் கேள்வியை ஒரு பல்கலைக்கழகம் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கையில் எடுத்து ஆராய்ந்திருக்கிறது. நம் பல்கலைக்கழகம் அல்ல. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தின் வெலிங்டன் வளாகத்தில் இயங்கும் 'ஹே காயிங்கா ஒரங்கா' என்னும் ஆய்வுக்குழு. நலமான இல்லம் என்று பொருள்படும் மாவோரிச் சொற்கள் அவை. பேராசிரியர் பிலிப்பா ஹவ்டன் சாப்மன் தலைமையில் வளர்ந்த இந்தக் குழு, 2014இல் அந்நாட்டுப் பிரதமரின் அறிவியல் பரிசைப் பெற்றது. மாவோரிகள் அந்த மண்ணின் பூர்வகுடிகள். நிலத்தைப் பெருமளவு பறிகொடுத்தவர்கள். இன்றும் நெரிசலான, ஈரம் ஏறிய, குளிர் காக்காத வீடுகளில் அவர்களும் பசிபிக் தீவுகளிலிருந்து குடியேறியவர்களுமே அதிகம் வாழ்கிறார்கள். இதய வால்வைக் கெடுக்கும் கீல்வாதக் காய்ச்சல் அங்கே பெரும்பாலும் இவ்விரு மக்களின் பிள்ளைகளையே தாக்குகிறது.

குழு செய்த வேலை எளிமையானது. வருமானம் குறைந்த ஏழு பகுதிகளில் 1,350 வீடுகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் மூச்சுக்கோளாறு உள்ளவர் ஒருவராவது இருந்தார். பாதி வீடுகளில் உட்கூரைக்கு மேலும் தரைக்கு அடியிலும் குளிர் தடுக்கும் படுகைகளை அமைத்து, மண்ணின் ஈரம் மேலே ஏறாதபடி பாலித்தீன் விரித்தார்கள். மறு பாதியை ஒரு குளிர்காலம் அப்படியே விட்டு ஒப்பிட்டார்கள். பிறகு அந்த வீடுகளுக்கும் அதே வேலையைச் செய்துகொடுத்தார்கள். முடிவுகள் 2007இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்தன. படுக்கையறை வெப்பம் கூடியது வெறும் அரை டிகிரிதான். ஆனால் ஈரம் குறைந்தது. பிள்ளைகள் பள்ளிக்கு விடுப்பு எடுக்கும் வாய்ப்பு ஏறக்குறையப் பாதியானது. இழுப்பு குறைந்தது. பெரியவர்கள் வேலைக்குப் போகாத நாட்களும் குறைந்தன. மருந்து மாறவில்லை, மருத்துவர் மாறவில்லை. வீடு மாறியது.

இன்னொரு ஆய்வில் தரனாக்கி பகுதியின் 842 வீடுகளை எடுத்துக்கொண்டார்கள். அவற்றில் ஒரு பகுதி வீடுகளுக்கு மட்டும் படிக்குக் கைப்பிடி, வாசலுக்கு விளக்கு, வழுக்காத தரை ஆகியவற்றை முதலில் அமைத்தார்கள். அந்த வீடுகளில் விழுந்து அடிபடுவது 26 சதவீதம் குறைந்தது. கைப்பிடிக்கு ஆகும் செலவு எவ்வளவு என்று எந்தக் கொத்தனாரைக் கேட்டாலும் சொல்வார்.

இந்தக் கணக்குகள் அரசை அசைத்தன. 2009இல் வீடுகளுக்குக் குளிர்காப்பு அமைக்கும் பெருந்திட்டம் தொடங்கியது. அதை மதிப்பிட்டபோது செலவைப்போலச் சுமார் நான்கு மடங்கு பயன், பெரும்பகுதி ஆரோக்கியத்தில் கிடைத்ததாகக் கண்டார்கள். 2017இல் சட்டம் வந்தது, 2019இல் வாடகை வீடுகளுக்கான தரவிதிகள் வந்தன. எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லவில்லை. மாவோரிப் பிள்ளைகளின் நோய்ச்சுமை இன்னும் அதிகம்தான். ஆனால் வீட்டின் குறையை அங்கே யாரும் குடியிருப்பவரின் சுத்தக்குறைவு என்று தள்ளிவிட முடியாது. எண் இருக்கிறது.

அங்கே குளிர், இங்கே வெயில். அரசு கட்டிக்கொடுத்த தொகுப்பு வீட்டின் தாழ்ந்த கான்கிரீட் கூரை, பகலெல்லாம் குடித்த வெயிலை இரவெல்லாம் கக்குகிறது. சித்திரை வைகாசியில் ஆண்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு தெருவுக்கோ கோயில் திண்ணைக்கோ போய்விடுவார்கள். வயசுப் பெண்ணும் பிள்ளை பெற்றவளும் உள்ளேதான் கிடக்க வேண்டும். மழைக்காலத்தில் காரை பெயர்ந்து துருக்கம்பி தெரிகிறது. சிலிண்டர் தீர்ந்த நாளில் விறகுப் புகை அந்த ஒற்றை அறையைச் சுற்றிச் சுற்றி வருகிறது. இந்த வீடுகளுக்குள் இரவு பத்து மணிக்கு எத்தனை டிகிரி? எத்தனை பேர் படுக்கிறார்கள்? எத்தனை பேருக்கு இருமல்? ஊராட்சிப் பதிவேடு எதிலும் இந்தக் கணக்கு இல்லை.

வீட்டின் கதை கூரையோடு முடிவதில்லை. அது எங்கே நிற்கிறது என்பதும் நலத்தின் பகுதி. ஏரி வழிந்தால் முதலில் மூழ்கும் பள்ளத்தில்தான் நம் தெருக்கள் பல இருக்கின்றன. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு 'தீண்டாச்சேரி'யையும் 'பறைச்சேரி'யையும் தனித்தனியே குறிக்கிறது. சோழர் காலத்தில் பிராமணர் குடியிருப்புக்கும் சேரி என்றே பெயர் இருந்தது. சொல் எல்லோருக்கும் பொதுவாக இருந்து பிறகு நம்மோடு மட்டும் நின்றுவிட்டது. பள்ளமும் அப்படித்தான். 2019 டிசம்பர் 2 அன்று மேட்டுப்பாளையம் நடூரில், பக்கத்து வீட்டுக்காரரின் உயர்ந்த சுற்றுச்சுவர் ஓட்டு வீடுகள்மேல் சரிந்து 17 தலித்துகள் உறக்கத்திலேயே இறந்தார்கள். மழை என்றார்கள். மழை எல்லா வீட்டுக்கும்தான் பெய்தது.

நம்மை யாரும் ஆராயவில்லை என்றும் சொல்ல முடியாது. சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், 1916 முதலே மாணவர்களை ஊர்களுக்கு அனுப்பி வீடு, நிலம், கூலி, கடன் எல்லாம் எழுதிவரச் செய்தார். விழுப்புரம் மாவட்டத்து இருவேல்பட்டுக்கு அதன்பின் தலைமுறை தலைமுறையாக ஆய்வாளர்கள் போயிருக்கிறார்கள். நல்ல புத்தகங்கள் வந்தன. நம் கவலை வேறு. காலனிக்குள் நோட்டோடு வருகிறவர் பட்டத்தோடு போகிறார், கூரை அப்படியே ஒழுகுகிறது. 'கூரை ஒழுகுவதைத் தெரிந்துகொள்ள ஆய்வு எதுக்கு?' என்று எந்தப் பெரியம்மாவும் கேட்பார். கேட்கட்டும். ஆய்வு பழுதுபார்ப்போடு சேர்ந்தே வர வேண்டும் என்பதுதான் அதற்குப் பதில்.

அதற்கு வாய்ப்பு இப்போது இருக்கிறது. தமிழ்நாடு அரசு 2024இல் பழைய ஊரக வீடுகளைச் சீரமைக்கும் திட்டத்தை அறிவித்தது. கலைஞர் கனவு இல்லத் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் தருகிறது. இத்தகைய வேலை எதுவும் எல்லா வீட்டுக்கும் ஒரே ஆண்டில் முடியாது. இந்த ஆண்டு சீரமைக்கும் வீடுகளையும் அடுத்த ஆண்டுக்குக் காத்திருக்கும் வீடுகளையும் ஒப்பிட்டாலே போதும், நியூசிலாந்தில் நடந்த அதே ஆய்வு இங்கேயும் நடந்துவிடும். யாருக்கும் எதையும் மறுக்க வேண்டியதில்லை. மாநிலப் பல்கலைக்கழகங்களின் சமூகப்பணித் துறைகளும் அரசு மருத்துவக் கல்லூரிகளின் சமூக மருத்துவத் துறைகளும் சேர்ந்து இதைச் செய்ய வேண்டும். காலனியில் பிறந்து படித்த பிள்ளைகளை ஊதியம் கொடுத்து ஆய்வாளர்களாக அமர்த்த வேண்டும். பட்டா இல்லாததால் எந்தத் திட்டத்துக்குள்ளும் வராத வீடுகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அவைதாம் மிக மோசமான வீடுகள்.

கல்லூரி மாணவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். சுவரில் மாட்டும் வெப்பமானி அதிக விலை இல்லை. உங்கள் தெருவில் பத்து வீட்டில் மாட்டுங்கள். வீட்டுக்காரர் சம்மதத்தோடு, பெயர் எழுதாமல், வாசல் எண் மட்டும் போட்டு, இரவு பத்து மணி வெப்பம், ஒழுகும் இடம், சன்னல் எண்ணிக்கை, பள்ளிக்குப் போகாத நாட்கள் ஆகியவற்றை ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதியோடு குறித்துவாருங்கள். மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபைகளுக்கு அந்த நோட்டைக் கொண்டுபோங்கள். படித்துக்காட்டிவிட்டு உட்கார்ந்துவிடாதீர்கள். தீர்மானமாக எழுதச் சொல்லி, தீர்மான எண்ணை வாங்கிக்கொண்டு வாருங்கள்.