கேட்கப்படாத வினா

1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கிரையானது. 90,000க்கும் மேற்பட்ட நூல்களும் அரிய சுவடிகளும் சாம்பலாயின. தமிழர் நெஞ்சில் அந்த வடு இன்றும் ஆறவில்லை. ஆயினும், தீயின்றியும் நூல்கள் அழிவதுண்டு. எரிப்பவர் எவருமின்றி, படிப்பவர் இல்லாமையாலேயே அவை அழிகின்றன. அவ்வழிவைக் கண்டு எவரும் பதறுவதில்லை.

ஓலைச்சுவடிக்கு ஆயுள் குறைவு. பூச்சி அரிக்கும், ஈரம் சிதைக்கும், ஓரம் முறியும். எனவே, பழைய ஏடு சிதையுமுன் புதிய ஏட்டில் படியெடுத்தாக வேண்டும். படியெடுக்க அந்நூலை விரும்பிக் கற்போர் வேண்டும். கற்போர் குறைந்தால் படிகள் குறையும். படிகள் குறைந்தால் கற்க விரும்புவோருக்கும் நூல் கிட்டாது. சங்க நூல்களுக்கும் காப்பியங்கள் சிலவற்றுக்கும் இந்நிலையே நேர்ந்தது. அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், தலபுராணம் ஆகியவையே பெரிதும் பாடமாக நிலைத்தன. அவை தாழ்ந்தவை அல்ல. ஆனால், அவற்றுக்கு முன் என்ன இருந்தது என்று கேட்போர் அருகினர்.

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரனாரிடம் பயின்ற உ.வே.சாமிநாதர், 1880ஆம் ஆண்டு கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகப் பணியேற்றார். அவ்வாண்டு அவ்வூருக்கு முன்சீப்பாக வந்த சேலம் இராமசாமியார், அவர் கற்ற நூல்களைப் பற்றி வினவினார். சிற்றிலக்கியங்களின் நீண்ட பட்டியலைக் கேட்டும் அவர் வியக்கவில்லை. சீவகசிந்தாமணி முதலிய பழைய நூல்களைக் கற்றதுண்டா என்றே கேட்டார். பெரும்புலவரிடம் பயின்றவரும் அவற்றைக் கற்றிருக்கவில்லை. இது தனியொருவர் குறையன்று. ஒரு சமூகம் தன் கேள்விகளைச் சுருக்கிக்கொண்டதன் விளைவு.

அவ்வினாவைச் சாமிநாதர் இழுக்காகக் கருதவில்லை. சிந்தாமணியைப் பெற்றுப் படித்தார். விளங்காத இடங்களுக்கு, தம் சமயத்தவர் அல்லாத சமணரிடம் சென்று பொருள் கேட்டறிந்தார். படிகளைத் தேடி ஊர்தோறும் அலைந்தார். ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பாடம் தேர்ந்தார். 1887இல் சீவகசிந்தாமணியும் 1892இல் சிலப்பதிகாரமும் 1894இல் புறநானூறும் அவரால் அச்சேறின. யாழ்ப்பாணத்தில் பிறந்த சி.வை.தாமோதரனார் 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தார். தொலைந்தவை மீண்டன; மீளாதவையும் உண்டு.

இன்று ஏடு செல்லரிக்கும் அச்சமில்லை. கைப்பேசிக்குள்ளேயே நூலகம் இருக்கிறது. ஆனால், படிப்போர் இல்லையேல் நூல் இருப்பதும் இல்லாததும் ஒன்றே. பாடநூலைத் திறவாமல் வினாவிடைத் தொகுப்பை மட்டும் மனப்பாடம் செய்யும் மாணவர், பிறர் கேட்ட வினாவுக்குப் பிறர் எழுதிய விடையைச் சுமக்கிறார். மனப்பாடம் தீதன்று, நூல்களை நெஞ்சில் நிறுத்திக் காத்த மரபு நம்முடையது. பொருளை வினவாத மனப்பாடமே தீது. கைப்பேசியில் வந்த செய்தியை, சொன்னவர் யார், சான்று என்ன என்று கேளாமல் பிறருக்கு அனுப்புபவரும் அதே பிழையைச் செய்கிறார். மதிப்பெண் கிடைக்கிறது, செய்தி பரவுகிறது, வினவும் பழக்கம் மட்டும் தேய்கிறது. இழப்பு உடனே தெரியாததால், அதை இழப்பென்றே எவரும் உணர்வதில்லை.

கும்பகோணத்தில் ஒருவர் கேட்ட வினாவே ஓர் இலக்கிய உலகை மீட்கத் தூண்டியது. அத்தகைய வினாவைக் கேட்க, இனியொருவர் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இதை நான் படித்தேனா, படித்தவர் சொல்லக் கேட்டேனா என்று ஒவ்வொரு மாணவரும் தம்மையே கேட்டுக்கொள்ளலாம்.