வெள்ளத்துக்கு முன்னே கலுங்கு

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரத்துக் கண்மாய்ப் பாசனத்தில் விவசாயம் பார்க்கிற நமக்கு ஒன்றை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தண்ணீர் மெள்ள ஏறினால், கசியும் இடம் பார்த்து மண்மூட்டை போட்டு அடைச்சிரலாம். மலையில் கொட்டித் தீர்த்து ராத்திரியோடு ராத்திரியா காட்டாறு இறங்கினா, அப்போ மண்வெட்டியைத் தேடிப் பிரயோசனமில்லை. ஆவணியிலேயே கரையைப் பலப்படுத்தி, கலுங்கைச் சரிபார்த்திருந்தால்தான் ஊர் தப்பும். எப்படிக் காப்பது என்பதைத் தண்ணீரின் வேகம்தான் முடிவு செய்கிறது.

செயற்கை நுண்ணறிவும் அப்படித்தான். 'இயற்கை விவசாயப் பத்திரிகையில் இது எதுக்கு?' என்று கேட்கலாம். பி.டி. கத்தரியை நினைத்துப் பாருங்கள். 2009 அக்டோபரில் மத்திய அரசின் குழு ஒப்புதல் கொடுத்தது. நாம் எதிர்த்தோம். அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு நகரங்களில் மக்களிடம் கருத்துக் கேட்டு, 2010 பிப்ரவரி 9-இல் நிறுத்திவைத்தார். நாலு மாசம் நமக்குப் போதுமானதா இருந்தது. ஏன்னா, விதை பெருகப் பருவம் வேணும்.

கம்ப்யூட்டருக்கு ஏது பருவம்? 2022 நவம்பர் 30-இல் சாட்ஜிபிடி வந்தது. நாலு மாசம் முடியுமுன்னே அதைவிடத் திறமையான ஜிபிடி-4 வந்துவிட்டது. 'ஆறு மாசமாவது நிறுத்தி யோசிப்போம்' என்று அந்த மார்ச்சிலேயே அறிஞர்கள் பலர் கடிதம் எழுதினார்கள். போட்டி நிற்கவில்லை. 2023 நவம்பரில் இங்கிலாந்தின் பிளெட்ச்லியில் இந்தியா உட்பட 28 நாடுகள் ஆபத்தை ஒப்புக்கொண்டு அறிக்கை விட்டன. நல்லதுதான். ஆனா அறிக்கை கலுங்காகாது.

'வரட்டும், தப்பு நடந்தா திருத்திக்கலாம்' என்கிறார்கள் சிலர். மெள்ள வந்தால் அது சரி. வேகமா வந்தால் திருத்த நேரமே இருக்காது. எந்த வேகத்தில் வரும் என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. அப்போ, காட்டாற்றுக்குத் தயாராவதே புத்தி. வெள்ளம் வராமல் போனால் நமக்கு நஷ்டம் நாலு நாள் மண்வேலை மட்டும்தான்.

பூச்சிக்கொல்லி விற்கிறவனே அதைப் பாதுகாப்பானது என்று சான்று சொன்ன கதை நமக்குப் பழசு. அதனால் மூன்று கேள்விகளை இப்போதே கேட்போம்: விற்பவர் தவிர வேறு யார் இதைச் சோதித்தார்கள்? தீங்கு நேர்ந்தால் யார் பொறுப்பு? நிறுத்தும் அதிகாரம் யாரிடம்? பதிலைச் சட்டமாக எழுதித்தரச் சொல்லி நம்ம எம்.பி.யிடம், எம்.எல்.ஏ.விடம் கேட்போம். கத்தரிக்காய்க்குக் கேட்ட நாம், மனுசருக்குக் கேட்க மாட்டோமா?