தீராததும் தீர்க்காததும்

ஆங்கிலத்தில் ‘அன்மெற்’ என்றோர் அடைமொழி உண்டு. தேவை, கோரிக்கை, இலக்கு, எதிர்பார்ப்பு முதலியவற்றைக் குறிக்கும் சொற்களுக்கு முன்னே வந்து, அவை இன்னும் நிறைவு செய்யப்படவில்லை என்பதை அது உணர்த்தும். அதன் பகுதியாகிய ‘மீற்’ என்னும் வினைக்குப் பொருள் பல. சந்தித்தல் ஒன்று, நிறைவு செய்தல் மற்றொன்று. ஈண்டுக் கொள்ளத்தக்கது பின்னையதே. இதனை ஓராத சிலர் ‘சந்திக்கப்படாத தேவைகள்’ என மொழிபெயர்க்கின்றனர். தேவை என்ன, தேரடியில் எதிர்ப்படும் உறவினரா, சந்தித்து நலம் விசாரிப்பதற்கு?

இப்பிழை வெளிப்படையானது, நகைத்துவிட்டு அப்பாற் செல்லலாம். நல்ல தமிழ்போலத் தோன்றி மயக்கும் பிழை இதனினும் கொடியது. ‘தீராத தேவைகள்’ என்பதே அது. தீர்தல் தன்வினை, தீர்த்தல் பிறவினை. தீராத நோய் என்றால், மருந்துக்கு அடங்காத நோய் என்றே கேட்போர் கொள்வர். தீராத ஆசை என்றால், எவ்வளவு பெற்றாலும் அடங்காத ஆசை.

யாழ்ப்பாணத்துத் தீவுகளிலே உவர்நீர்க் கிணறுகள் பல. அங்கு வாழ்வோரின் ‘தீராத குடிநீர்த் தேவை’ என்று ஓர் அறிக்கை கூறுமாயின், எத்துணை நீர் வழங்கினும் அவர்தம் வேட்கை தணியாது என்றன்றோ பொருள்படும்? வழங்கவேண்டியவரின் குறை, வேண்டிநிற்பவரின் தலையில் ஏறிவிடுகிறது.

குடும்பத் திட்டமிடல் பற்றிய அறிக்கைகளிலும் இவ்வடைமொழி பயின்று வரும். மகப்பேற்றைத் தள்ளிவைக்கவோ நிறுத்தவோ விரும்பியும், அதற்குரிய முறை எதனையும் கைக்கொள்ளாத பெண்களின் நிலையை அங்கு அது சுட்டும். அப்பெண்களின் தேவையும் எல்லையற்றதன்று, தீர்க்கக்கூடியதே.

ஆயின் யாது எழுதலாம்? தமிழில் ஒவ்வொரு பெயரும் தனக்குரிய வினையை அவாவி நிற்கும். இலக்கு எட்டப்படாதது, நிபந்தனை நிறைவேற்றப்படாதது, எதிர்பார்ப்பு ஈடேறாதது. தேவைக்குத் ‘தீர்க்கப்படாத’ என்பது பொருந்தும். செயப்பாட்டுவினை மிகுந்தால் நடை தளரும் என்பார் உளர். அவர் கூற்றிலும் உண்மையுண்டு. அவர்க்கு நான் கூறும் விடை: ‘தீர்க்காத’ என்று எழுதுக. ‘அரசு தீர்க்காத தேவை’, ‘நாம் தீர்க்காத தேவை’ என வினைமுதலையும் உடன் வைக்க. ஆங்கில அடைமொழி செய்ய வேண்டியவர் யாரென்பதை மறைக்கிறது. தமிழோ அதனை எளிதிற் காட்ட வல்லது. மூலத்தில் வினைமுதல் தெளிவாக இல்லாதபோது மாத்திரம் ‘தீர்க்கப்படாத’ என்பது போதும்.

1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தத்தால் இந்நாட்டில் தமிழும் அரசகரும மொழியாயிற்று. அறிக்கைகள் தமிழில் வெளிவருதல் மட்டும் அவ்வுரிமைக்குப் போதாது. அவை தமிழரிடத்து மெய்ப்பொருளைச் சேர்த்தலும் வேண்டும். ‘தீராத’ என்பதினும் ‘தீர்க்காத’ என்பதில் இரண்டெழுத்தே மிகுதி. மொழிபெயர்ப்பாளர் அவ்விரண்டெழுத்துக்கு உலோபம் செய்யலாகாது என்பது என் துணிபு.