மலிவு விலை ஃப்ளாட்டும் முன்னாடி இருந்தவர் கட்டாத பில்லும்

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு நியூஜெர்சியிலிருந்து பெரியப்பா போன். அவருக்கு அங்கே சனிக்கிழமை ராத்திரி. எடுத்தவுடனே, "டேய், நீ காமர்ஸ்தானே படிக்கிற? ஒரு கணக்கு பார்த்துச் சொல்லு" என்றார். வீட்டில் ஒருத்தன் பி.காம். மூன்றாம் வருஷம் வந்துவிட்டால் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அவன் ஆடிட்டர்தான். அரியர் இருப்பது அவர்களுக்குத் தெரியாது :-)

மேட்டர் இதுதான். பெரியப்பா ரிட்டயர் ஆகி இரண்டு வருஷம். பெரியம்மாவுக்கு மூட்டுவலி, பனிக்காலம் ஒத்துக்கொள்ளவில்லை. ஃப்ளோரிடாவில் 55 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான ஒரு பழைய குடியிருப்பில், ஒரு பெட்ரூம் ஃப்ளாட் 70,000 டாலருக்கு வருகிறதாம். அந்தக் காசுக்கு அவர் ஊரில் ஒரு நல்ல கார்தான் வாங்கலாம். "கொள்ளை மலிவுடா, யோசிக்காம வாங்கிடலாம்னு பார்க்கிறேன்" என்றார்.

ஒரு வாரம் உட்கார்ந்து படித்துப் பார்த்தேன். என் பதில்: அது மலிவு இல்லை பெரியப்பா. முன்னாடி இருந்தவர்கள் கட்டாமல் விட்ட பில்லைக் கழித்துக்கொண்டு மிச்சத்தை விலை என்று சொல்கிறார்கள். அந்த பில் எங்கேயும் போய்விடவில்லை, உங்கள் பெயருக்கு மாறப்போகிறது. அவ்வளவுதான். இந்தப் பதிவு முழுக்க அதுதான்.

முதலில் தெரியாதவர்களுக்காக. கான்டோ என்பது நம்மூர் ஃப்ளாட்தான். நாலு சுவருக்கு உள்ளே உங்களுடையது. கூரை, வெளிச்சுவர், லிஃப்ட், நீச்சல் குளம் எல்லோருக்கும் பொது. அதைப் பார்த்துக்கொள்ள ஒரு அசோசியேஷன், மாதாமாதம் மெயின்டனன்ஸ். சண்டை உட்பட எல்லாம் நம்மூர் மாதிரியேதான்.

வயதானவர்களுக்கு மட்டும் என்று தனி ஊரே கட்டி விற்பது அமெரிக்காவில் 1960 ஜனவரி 1 அன்று பெரிய அளவில் சூடு பிடித்தது. அன்றுதான் அரிசோனாவில் டெல் வெப் சன் சிட்டியைத் திறந்தார். ஃப்ளோரிடாவில் 1960களின் கடைசியில் வெஸ்ட் பாம் பீச்சில் செஞ்சுரி வில்லேஜ் வந்தது. ஒரே வளாகத்தில் 7,800க்கும் மேற்பட்ட ஃப்ளாட்டுகள். ரெட் பட்டன்ஸ் என்ற நகைச்சுவை நடிகர் டிவி விளம்பரத்தில் வந்து கூவிக் கூவி விற்றார். அப்புறம் டீர்ஃபீல்ட் பீச், போகா ராட்டன், பெம்ப்ரோக் பைன்ஸ் என்று அதே பெயரில் இன்னும் மூன்று. இதே மாதிரி வேறு கம்பெனிகள் கட்டியதும் நிறைய. அந்தக் காலக் கட்டடங்களுக்கு இப்போது ஐம்பது வயது ஆகிவிட்டது. சீக்கிரமே கட்டடத்துக்கும் 55 பிளஸ் தகுதி வந்துவிடும்!

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் "ஒண்ணும் தெரியாம எழுதுறான்" என்பீர்கள்.

கையில் கொஞ்சம் பணம், மாதம் சோஷியல் செக்யூரிட்டி என்று வாழும் ஒருவருக்கு, கடனில்லாமல் சொந்தமாக ஒரு கூரை கிடைக்க இந்த மாதிரி இடங்கள் பெரிய உதவி. பல வளாகங்களில் கிளப் ஹவுஸ், நாடக அரங்கம், கடைக்குப் போக பஸ் எல்லாம் உண்டு. கார் ஓட்ட முடியாத வயதில் அமெரிக்காவில் பஸ் எவ்வளவு பெரிய விஷயம் என்பது அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். எல்லாவற்றுக்கும் மேல் பேச்சுத்துணை. பிள்ளைகள் மூன்று மாநிலம் தள்ளி இருக்கும்போது, காலையில் கதவு திறக்கவில்லை என்றால் வந்து தட்டுவதற்கு ஒரு ஆள் இருப்பார். இதற்கு விலை போட முடியாது. ஒத்துக்கொள்கிறேன்.

இனி கணக்குக்கு வருவோம்.

பதினொன்றாம் வகுப்புக் கணக்குப்பதிவியலில் தேய்மானம் பாடம் ஞாபகம் இருக்கிறதா? நேர்க்கோட்டு முறை, குறைந்து செல் மதிப்பு முறை என்று மனப்பாடம் பண்ணினோமே. அதில் இருக்கும் ஒரே விஷயம் இதுதான்: பொருள் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகிறது, அதற்குத் தினமும் கொஞ்சம் எடுத்து வை.

ஒரு கற்பனைக் கணக்கு. 100 ஃப்ளாட்டுக்குப் பொதுவான கூரை. இருபது வருஷம் தாங்கும். மாற்ற 4,00,000 டாலர். இருபது வருஷமும் ஒழுங்காக எடுத்து வைத்தால் ஒரு ஃப்ளாட்டுக்கு மாதம் 17 டாலர்கூட வராது. யாருமே எடுத்து வைக்கவில்லை என்றால்? இருபதாவது வருஷம் அந்த வீட்டில் யார் இருக்கிறாரோ அவர் 4,000 டாலரை மொத்தமாகக் கொட்ட வேண்டும். பத்தொன்பது வருஷம் இருந்து அனுபவித்துவிட்டுப் போனவர் தப்பித்தார். போன மாதம் வாங்கியவர் மாட்டினார். இது கூரைக்கு மட்டும். கான்கிரீட், தண்ணீர்க் குழாய், மின்சார வயரிங், பெயின்ட், லிஃப்ட் எல்லாம் தனித்தனி.

"அது எப்படி யாரும் எடுத்து வைக்காமல் இருப்பார்கள்?" என்று கேட்கலாம். ஃப்ளோரிடா சட்டமே அதற்கு வழி விட்டிருந்தது. உரிமையாளர்களில் பெரும்பான்மை ஓட்டுப் போட்டால் இந்த வருஷம் ஒதுக்கு நிதி வேண்டாம் என்று தள்ளிவிடலாம். அடுத்த வருஷமும் தள்ளலாம். 78 வயதுக்காரரிடம் போய், "இருபது வருஷம் கழித்து மாற்றப்போகும் கூரைக்கு இப்போதே பணம் கொடுங்கள்" என்று கேட்டால் கை தூக்குவாரா? அவரைக் குறை சொல்லவில்லை. அவருடைய கணக்கு அவருக்குச் சரி. எல்லோரும் ஒரே வயதில் இருக்கும் இடத்தில் எல்லோருடைய கணக்கும் ஒரே மாதிரி சரி. அங்கேதான் கட்டடம் செத்துப்போகிறது.

அப்புறம் 2021 ஜூன் 24 வந்தது. மயாமி பக்கத்தில் சர்ஃப்சைட் என்ற ஊர். 1981ல் கட்டிய சாம்ப்ளெய்ன் டவர்ஸ் சௌத் என்ற 12 மாடிக் கட்டடத்தின் ஒரு பகுதி நடு ராத்திரியில் சரிந்தது. 98 பேர் இறந்தார்கள். அது ரிட்டயர்மென்ட் குடியிருப்பு இல்லை, சாதாரண கான்டோதான். பணம் ஒதுக்காததால்தான் இடிந்தது என்றும் நான் சொல்லவில்லை, கட்டடத்தின் வடிவமைப்பிலேயே குறை இருந்ததை மத்திய அரசு விசாரணை சுட்டிக்காட்டியது. ஆனால் 2018லேயே ஒரு இன்ஜினியர், நீச்சல் குளத்தை ஒட்டிய தளத்துக்குக் கீழே கான்கிரீட் மோசமாகக் கெட்டிருக்கிறது என்று எழுதிக் கொடுத்திருந்தார். செலவு பற்றிய வாக்குவாதத்திலேயே வருஷங்கள் போயின. 2021 ஏப்ரலில்தான் 1.5 கோடி டாலர் சிறப்பு வசூலுக்கு ஒப்புக்கொண்டார்கள். குறைந்தபட்சம் ஒரு ஃப்ளாட்டுக்கு 80,000 டாலர் அளவில் வந்தது. முதல் தவணை ஜூலை 1. கட்டடம் அதுவரை காத்திருக்கவில்லை.

அதற்கப்புறம்தான் 2022 மே மாதம் ஃப்ளோரிடா புதுச் சட்டம் போட்டது. தரைத்தளத்தையும் சேர்த்து மூன்று தளமோ அதற்கு மேலோ இருக்கும் கான்டோக்களுக்கு 30 வயதானால் கட்டாயப் பரிசோதனை, அப்புறம் பத்து வருஷத்துக்கு ஒரு தடவை. கூரை, கட்டமைப்பு, குழாய், வயரிங் இதெல்லாம் இன்னும் எத்தனை வருஷம் தாங்கும், எவ்வளவு செலவாகும் என்று ஒரு ஆய்வறிக்கை. அந்த இனங்களுக்கான ஒதுக்கு நிதியை ஓட்டுப் போட்டுத் தள்ளும் வேலை இனி நடக்காது. 2025ல் கெடுவைக் கொஞ்சம் நீட்டி, கடன் வாங்கிச் சமாளிக்கவும் வழி விட்டார்கள். அடிப்படை மாறவில்லை.

இப்போது ஒரு கோஷ்டி கிளம்பியிருக்கிறது. "சட்டம் போட்டு வயசானவங்களைத் தெருவுக்குக் கொண்டு வந்துட்டாங்க" என்று. பெரியப்பாவின் நண்பர் ஒருவரும் இதையே சொன்னாராம்.

அவர்கள் சொல்லும் வலி உண்மை. மாதம் இவ்வளவுதான் வருமானம் என்று கணக்குப் போட்டு வாழும் 80 வயது பாட்டிக்குத் திடீரென்று பல ஆயிரம் டாலர் பில் வந்தால் அது கொடுமைதான். கட்டாவிட்டால் அசோசியேஷன் வழக்குப் போட்டு வீட்டையே ஏலத்துக்குக் கொண்டுவர முடியும். அதற்கு அரசு தவணையோ குறைந்த வட்டிக் கடனோ கொடுத்தே ஆக வேண்டும் என்பதுதான் என் கட்சியும்.

ஆனால் அந்த பில்லை உண்டாக்கியது சட்டமா? சுகர் டெஸ்ட் எடுத்த லேப்பைப் போய், "உன்னாலதான் எனக்குச் சர்க்கரை வந்தது" என்று திட்டுவீர்களா? கடற்கரையில் உப்புக்காற்று கான்கிரீட்டுக்குள் போய் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு பருத்து வெளியே தள்ளும், காரை பெயரும். பெசன்ட் நகரிலும் அதே கதைதான், ஃப்ளோரிடாவிலும் அதே கதைதான். கம்பிக்குச் சட்டசபை எந்த வருஷம் கூடியது என்று தெரியாது.

இங்கேதான் பெரியப்பா கேஸில் ஒரு ட்விஸ்ட். அவர் பார்த்த வீடு இரண்டே தளம் உள்ள கட்டடம். "புதுச் சட்டம் உங்களைத் தொடாது சார், அதான் மெயின்டனன்ஸ் கம்மி" என்று புரோக்கர் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சட்டம் தொடாது, சரி. மழையும் புயலும் தொடாதா? அங்கே ஒதுக்கு நிதியை இன்றைக்கும் ஓட்டுப் போட்டுத் தள்ளலாம். அதாவது பழைய வியாதி அப்படியே இருக்கிறது, டெஸ்ட் மட்டும் எடுக்கவில்லை. அதைப் போய் ஆரோக்கியம் என்று விற்கிறார்.

அடுத்தது, "கடைசியில் பிள்ளைக்குத்தானே போகப்போகிறது" என்ற சென்டிமென்ட். 1995ல் வந்த மத்தியச் சட்டப்படி, 55 பிளஸ் என்று சொல்லிக்கொள்ள வேண்டுமானால் ஆள் குடியிருக்கும் வீடுகளில் 80 சதவீதத்திலாவது 55 வயதான ஒருவர் இருக்க வேண்டும். அசோசியேஷன்கள் இதைவிடக் கறாராகவும் விதி வைப்பதுண்டு. என் அண்ணனுக்கு வயது 34. வீடு அவன் பெயருக்கு வரும், குடியிருக்க முடியாமல் போகலாம். வாடகைக்கு விடவும் பல இடங்களில் கட்டுப்பாடு. மெயின்டனன்ஸ் மட்டும் தவறாமல் வரும். விற்கலாம் என்றால், அந்த வளாகத்தில் ஒரே காலத்தில் வாங்கியவர்களின் பிள்ளைகள் எல்லோரும் அதே நேரத்தில் விற்க நிற்பார்கள். வாங்க வருபவர் 55 தாண்டியவராகவும் இருக்க வேண்டும், பெரும்பாலும் ரொக்கமும் வைத்திருக்க வேண்டும். ஏனென்றால் பெரிய ரிப்பேரைத் தள்ளிப்போட்ட கட்டடங்களுக்கான வீட்டுக்கடனை ஃபேனி மே, ஃப்ரெடி மேக் வாங்கிக்கொள்வதில்லை. அவை வாங்காவிட்டால் பேங்க் கடன் கொடுக்கத் தயங்கும். விலை ஏன் 70,000 என்று இப்போது புரிகிறதா?

பெரியப்பாவுக்குப் போட்டுக் கொடுத்த கணக்கு இது. விலை 70,000. மாதம் 700 டாலர் மெயின்டனன்ஸ், வருஷம் 5 சதவீதம் ஏறுகிறது என்று வைத்தால் பத்து வருஷத்தில் சுமார் 1,05,600. நடுவில் ஒரு சிறப்பு வசூல் 30,000 என்று வையுங்கள். மொத்தம் 2,05,600. கடைசியில் 40,000க்கு விற்றால் நிகரச் செலவு மாதம் 1,380 டாலர். விற்கவே முடியவில்லை என்றால் சுமார் 1,713. வரியும், வீட்டுக்குள்ளே வரும் ரிப்பேரும் தனி. 30,000 என்பது நான் போட்ட எண், 60,000 ஆகவும் வரலாம். அந்த எண்ணை முடிவு செய்வது நீங்கள் இல்லை, கூரைதான்.

ஆக, இது சொத்து இல்லை. முன்பணமாகக் கட்டும் வாடகை. அப்படி நினைத்து, அந்த 70,000 போனாலும் சோற்றுக்குக் குறையில்லை, சிறப்பு வசூலுக்குத் தனியாகப் பணம் இருக்கிறது, பேச்சுத்துணைதான் முக்கியம் என்பவர் தாராளமாக வாங்கட்டும். கையில் இருப்பதையெல்லாம் போட்டு வாங்குபவர்தான் வாங்கவே கூடாது. கொடுமை என்னவென்றால், மலிவு விலை இழுத்து வருவது அவர்களைத்தான்.

வாங்குவதாக இருந்தால், வீட்டைப் பார்ப்பதற்கு முன்னாடி பேப்பரைப் பாருங்கள்:

1. ஒதுக்கு நிதியில் இன்று எவ்வளவு இருக்கிறது? கூரைக்கு என்ன வயது?
2. பரிசோதனை அறிக்கையும் ஒதுக்கு நிதி ஆய்வும் இருக்கிறதா? இரண்டு தளக் கட்டடம் என்றால் நாமே ஒரு இன்ஜினியரைக் கூட்டிப்போக வேண்டும்.
3. அசோசியேஷன் கூட்டக் குறிப்புகள், குறைந்தது மூன்று வருஷத்துக்கு. சண்டையெல்லாம் அதில்தான் இருக்கும்.
4. எத்தனை பேர் மெயின்டனன்ஸ் பாக்கி? விற்பவருக்குப் பாக்கி உண்டா? ஃப்ளோரிடா சட்டப்படி பழைய உரிமையாளரின் பாக்கிக்கு வாங்குபவரும் பொறுப்பு.
5. கட்டட இன்ஷூரன்ஸ் பிரீமியம் வருஷா வருஷம் எவ்வளவு ஏறியது?

பெரியப்பா இதையெல்லாம் புரோக்கரிடம் கேட்டார். முதலில் நீச்சல் குளம் போட்டோ நாலு வந்தது. மறுபடி கேட்டதும் கூட்டக் குறிப்புகள் வந்தன. மூன்று வருஷத்திலும் ஒரே வரி, "ஒதுக்கு நிதி இந்த ஆண்டு வேண்டாம்" என்று தீர்மானம் நிறைவேறியது.

நேற்று போன் பண்ணினார். "இந்தக் குளிருக்கு மூணு மாசம் அதே ஏரியாவுல வாடகைக்கு இருந்து பார்க்கிறோம்டா" என்றார். பின்னாலிருந்து பெரியம்மா, "அந்தக் குளம் நல்லா இருந்துச்சு, இவன் பேச்சைக் கேட்டுக்கிட்டு..." என்பது கேட்டது. அவருக்கு என் மேல் கோபம்தான். இருக்கட்டும், முட்டி வலி குறைந்ததும் சரியாகிவிடும்.

கணக்கில் தப்பு இருந்தால் பின்னூட்டத்தில் சொல்லுங்கள். திட்டுவதாக இருந்தாலும் சரி, எண்ணோடு திட்டுங்கள்.